சோலார் கவர் வாங்கியாச்சு, குளத்தின் குளோரின் கணக்கும் மாறியாச்சு

எங்கள் வீட்டு நீச்சல் குளத்துக்கு வாங்கிய சோலார் கவரைப் பற்றி எழுதுகிறேன். பார்சலில் சுற்றி வரும் குமிழித் தாளைப் பெரிதாக்கித் தடிமனாக்கியது போன்ற நீல நிற விரிப்பு இது. பாலிஎத்திலீன், 500 மைக்ரான். குளம் சுமார் 50,000 லிட்டர் கொள்ளும். மணல் ஃபில்டர், மேலே மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் ஒரு ஸ்கிம்மர் உண்டு, ஹீட்டர் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் தினமும் தண்ணீருக்குள் நடக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். காலையில் தண்ணீர் சில்லென்று இருந்தால் அம்மா இறங்கவே மாட்டார். கவர் வாங்கியது அதற்காகத்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூட்டைக் காப்பது, தண்ணீர் ஆவியாகாமல் தடுப்பது, இந்த இரண்டையும் நன்றாகவே செய்கிறது. ஐந்துக்கு நான்கு தரலாம். அந்த ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது பொருள் இல்லை, கூட வந்த கையேடு. எப்படி விரிப்பது, எப்படி வெட்டுவது, எப்படிச் சுருட்டுவது என்று படம் போட்டுக் காட்டியவர்கள், கவர் போட்ட பிறகு தண்ணீரின் ரசாயனம் எப்படி மாறும் என்று ஒரு வரி எழுதவில்லை. அது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைத்த விஷயம். குழந்தைகளும் வயதானவர்களும் இறங்கும் தண்ணீர் இது. கவர் வாங்கப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

முதலில் சூடு. திறந்த குளம் இழக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் ஆவியாதலால்தான் போகிறது என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், ஆயிரம் லிட்டர் தண்ணீரை அரை டிகிரிக்கு மேல் குளிரவைக்கப் போதுமானது. எங்கள் குளத்தில் நீர்மட்டம் ஐந்தாறு மில்லிமீட்டர் இறங்கினால் 165 முதல் 200 லிட்டர் போனதாக அர்த்தம். அதோடு இரண்டு டிகிரி சூடும் போய்விடும். அதனால் சோலார் கவர் என்றதும் வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்பும் கருவி என்று மட்டும் நினைக்க வேண்டாம். பகலில் ஏறிய சூடு ராத்திரியில் ஓடிப்போகாமல் காப்பதுதான் இதன் பெரிய வேலை. இப்போது விடிகாலையில் தண்ணீர் முன்பைவிட நாலு டிகிரி வரை கூடுதலாக இருக்கிறது. தண்ணீர் நிரப்புவதும் வெகுவாகக் குறைந்துவிட்டது.

விரிக்கும்போது குமிழிப் பக்கம் கீழே, தண்ணீரைத் தொட்டபடி இருக்க வேண்டும். வழவழப்பான பக்கம் மேலே. வந்த உடனே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். மடிப்பெல்லாம் வெயிலில் தளர்ந்து நேராகும்வரை சில நாள் மிதக்க விட்டு, அப்புறம் குளத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டினால் அளவு கச்சிதமாக வரும்.

இனி தண்ணீர். கவர் போடுவதற்கு முன்னால் நல்ல வெயில் நாளில் காலையில் 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் நான்கு பங்கு) இருக்கும் குளோரின், மாலைக்குள் ஒன்றரைக்கு வந்துவிடும். சூரியனின் புற ஊதாக் கதிர் குளோரினை உடைத்துவிடுகிறது. வெயிலில் குளோரின் சீக்கிரம் உடையாமல் காப்பது, ஸ்டெபிலைசர் என்று நாம் சொல்லும் சயனூரிக் அமிலம். அது இல்லாத தண்ணீரில் நேர் வெயில் பட்டால், சில மணி நேரத்தில் பெரும்பகுதி காலியாகிவிடும். கவர் அந்தக் கதிரில் கணிசமான பங்கைத் தடுக்கிறது. இப்போது அதே 4 பிபிஎம் மாலையில் மூன்றாக நிற்கிறது.

கேட்க நல்ல செய்தியாகத்தான் இருக்கும். கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். 50,000 லிட்டரில் 1 பிபிஎம் ஏற்ற 50 கிராம் குளோரின் வேண்டும். பத்து சதவீத திரவ குளோரின் என்றால் அரை லிட்டர். முன்பு ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டர் தேவைப்பட்ட இடத்தில் இப்போது அரை லிட்டர் போதும். பழைய பழக்கத்தில் அதே அளவை ஊற்றிக்கொண்டே போனால் குளோரின் நாளுக்கு நாள் ஏறும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அது யாரும் பார்க்காமலே ஓடிக்கொண்டிருக்கும். கவர் போட்ட அன்றே அதன் சதவீதத்தைக் குறைத்து வையுங்கள். எவ்வளவு குறைப்பது என்பதைப் பரிசோதனை செய்துதான் முடிவு பண்ண வேண்டும்.

அதே சமயம் எதிர்ப்பக்கமும் ஒரு இழுப்பு உண்டு. தண்ணீர் சூடாக இருந்தால் பாசியும் கிருமியும் வேகமாகப் பெருகும், குளோரினும் வேகமாகச் செலவாகும். ஆகவே வெயில் தின்பது குறைந்துவிட்டது என்று குளோரினைத் தாழ்வாக வைக்கக் கூடாது. ஸ்டெபிலைசர் அளவில் 7.5 சதவீதத்துக்குக் குறையாமல் குளோரின் இருக்க வேண்டும் என்பது குளம் பராமரிப்பவர்கள் பலர் கைக்கொள்ளும் கணக்கு. ஸ்டெபிலைசர் 40 என்றால் குளோரின் குறைந்தது 3. எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதுதான் கவரால் மாறுகிறது. தண்ணீரில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மாறுவதில்லை.

ஒரு வசதியும் சொல்ல வேண்டும். சூரியன் மறைந்த பிறகு ஒரு முறை, மறுநாள் உதிப்பதற்கு முன் ஒரு முறை குளோரினை அளந்து, ராத்திரியில் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீரில் ஏதோ வளர்கிறது என்று அர்த்தம். பாசி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே இது காட்டிக்கொடுத்துவிடும். நீலக் கவருக்கு அடியில் தரை சரியாகத் தெரியாது என்பதால் எனக்கு இந்தச் சோதனை மிக முக்கியமாகிவிட்டது.

அடுத்தது பிஎச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண். இதைப் பற்றித்தான் அதிகம் எழுத ஆசை, ஏனென்றால் யாரும் சொல்லித்தருவதில்லை. திறந்த குளத்தில் பிஎச் தானாகவே மேலே ஏறிக்கொண்டிருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்ஸைடு காற்றில் போய்ச் சேர்வதுதான் காரணம். அருவி, ஊற்று மாதிரி தண்ணீரைக் கலக்கும் அமைப்பு இருந்தால் இன்னும் வேகமாக ஏறும். அதனால்தான் பலரும் வாராவாரம் ஆசிட் ஊற்றுகிறார்கள். கவர் போட்டதும் தண்ணீரின் மேற்பரப்பு மூடிவிடுகிறது, அந்த வாயு வெளியேற வழி குறைகிறது. எனவே பிஎச் ஏறுவதும் மந்தமாகிவிடுகிறது. எங்கள் குளத்தில் 7.8-ஐத் தொட்டுக்கொண்டே இருந்த பிஎச் இப்போது 7.5-ல் நாள்கணக்கில் அசையாமல் நிற்கிறது. ஆசிட் கேனைத் தொடுவது அபூர்வமாகிவிட்டது. புகையும் நெடியுமாக ஆசிட் கையாள்வது எனக்குப் பிடிக்காத வேலை, அதனால் கவரின் லாபங்களில் இதையும் மனதாரச் சேர்க்கிறேன்.

ஆனால் குளோரின் மாத்திரை போடுபவர்களுக்குக் கதை வேறு. டிரைகுளோர் மாத்திரை நல்ல அமிலத்தன்மை உள்ளது, அது கரையக் கரைய பிஎச்சும், பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கிப் பிடிக்கும் ஆல்கலினிட்டியும் இறங்கும். திறந்த குளத்தில் வாயு வெளியேறி பிஎச்சை மேலே தூக்குவதால் இரண்டும் ஓரளவு சரிக்குச் சரியாகிவிடும். கவருக்கு அடியில் தூக்கிவிட ஆள் இல்லை, இறக்கிவிடும் ஆள் மட்டும் இருக்கிறார். பிஎச் 7.2-க்குக் கீழே நழுவும், ஆல்கலினிட்டி ஐம்பது அறுபதுக்கு வந்துவிடும். அப்படியே விட்டால் உலோகப் பாகங்கள் அரிக்கும், சிமென்ட் பூச்சு சொரசொரப்பாகும். இது கண்ணுக்குத் தெரிவதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் முழுக்க மாத்திரையை நம்பியிருப்பவர். என் கவரைப் பார்த்து அவரும் வாங்கினார். அவருக்கு நான் சொன்னது, மாத்திரையும் கவரும் சேர்ந்தால் ஆல்கலினிட்டியை 100 முதல் 120-க்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று. 50,000 லிட்டரில் ஆல்கலினிட்டியை 10 பிபிஎம் ஏற்ற சுமார் 840 கிராம் சமையல் சோடா பிடிக்கும். திரவ குளோரின் ஊற்றும் என் மாதிரி ஆட்களுக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. எனக்கு 80 போதுமாக இருக்கிறது.

மாத்திரையில் இன்னொரு சிக்கல் ஸ்டெபிலைசர். 200 கிராம் மாத்திரை ஒன்று எங்கள் அளவுக் குளத்தில் சுமார் 3.6 பிபிஎம் குளோரினோடு 2 பிபிஎம்முக்குச் சற்று மேல் சயனூரிக் அமிலத்தையும் கரைத்துவிட்டுப் போகும். குளோரின் செலவாகிவிடும், சயனூரிக் அமிலம் அப்படியே தங்கிவிடும். அது ஆவியாகாது. தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட்டால்தான் குறையும். திறந்த குளத்தில் பெருமழை பெய்து வழிந்தோடும்போது கொஞ்சமாவது நீர்த்துப்போகும். கவர் போட்டிருந்தால் மழைத் தண்ணீர் பெரும்பாலும் கவர் மேலேயே நின்றுவிடும். வெயிலைத் தடுக்கக் கவரே இருக்கும்போது ஸ்டெபிலைசர் 30-ஐ ஒட்டி இருந்தாலே போதும். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போவதில் பயன் இல்லை. வாங்கி வைத்த மாத்திரை வீணாகிறதே என்று அவற்றையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பாவிலோ மிதவையிலோ யாரும் போட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

இப்போது வாசனை. கையேட்டில், குளிக்கும் நேரம் தவிர எப்போதும் கவரை மூடியே வையுங்கள், அப்போதுதான் சூடு நிற்கும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அதன்படியே மூடி வைத்தோம். ஒரு வாரம் போயிருக்கும். காலையில் கவரைச் சுருட்டியதும் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி. அம்மா தண்ணீரில் பத்து நிமிஷம் நடந்துவிட்டு ஏறி வந்து, “என்னடி, தண்ணி பார்க்க நல்லாத்தான் இருக்கு, கண்ணு மட்டும் ஏன் இப்படி எரியுது?” என்றார். குளோரின் ஜாஸ்தியாகிவிட்டது, ரெண்டு நாள் போடாதே என்பது அவருடைய யோசனை. நெடி வந்தால் பலரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

உடனே டெஸ்ட் கிட்டை எடுத்தேன். முழங்கை ஆழத்தில், தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாயிலிருந்து தள்ளி, 10 மில்லி பிடித்தேன். சின்னக் கரண்டியால் பொடி போட்டுச் சுழற்றியதும் அடர் ரோஜா நிறம் வந்தது. அதில் சொட்டு மருந்தை ஒவ்வொன்றாக விட்டேன். ஒரு சொட்டு என்றால் அரை பிபிஎம். எட்டாவது சொட்டில் நிறம் போய் நீர் தெளிந்தது, ஆக குளோரின் 4. அதில் ஒன்றும் குறையில்லை. அடுத்து மூன்றாவது புட்டியிலிருந்து ஐந்து சொட்டு விட்டதும் மறுபடி ரோஜா நிறம் திரும்பியது. அது தெளிய இன்னும் இரண்டு சொட்டு பிடித்தது. அந்த 1 பிபிஎம்தான் கண்ணை எரித்தது. அதற்குப் பெயர் கூட்டு குளோரின். வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருட்களோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன் அது. அரைக்குக் கீழே இருக்க வேண்டும். பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் நல்லது.

திறந்த குளத்தில் இந்தக் குளோரமைன் இரண்டு வழியில் கழியும். ஒரு பங்கு காற்றில் போய்விடும், ஒரு பங்கைச் சூரிய ஒளி உடைத்துவிடும். கவர் இரண்டு வழியையும் அடைத்துவிடுகிறது. ராத்திரி முழுக்க விரிப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே சேர்ந்த வாயு, காலையில் கவரைத் தூக்கியதும் முகத்தில் அடிக்கிறது. அதற்கு வைத்தியம் குளோரினை நிறுத்துவது இல்லை. கவரை முழுக்க எடுத்துவிட்டு, குளோரினை நன்றாக ஏற்றி, பம்பை ஓடவிட்டு, வெயிலும் காற்றும் படவிட வேண்டும். அப்படிச் செய்து, குளோரின் பழைய அளவுக்கு இறங்கும்வரை யாரையும் இறங்கவிடவில்லை. எரிச்சல் போய்விட்டது.

அதன்பிறகு எங்கள் வீட்டு வழக்கம் மாறிவிட்டது. தினமும் பகலில் இரண்டு மணி நேரமாவது கவர் சுருட்டியே இருக்கும். ஆட்கள் அதிகம் குளித்த நாளில் ஏறியவுடன் மூடுவதில்லை, பம்ப் ஓட ஒரு மணி நேரம் திறந்து கிடக்கும். சூட்டில் கொஞ்சம் போகத்தான் செய்கிறது, அரை டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கண்ணுக்கும் மூச்சுக்கும் முன்னால் அந்த அரை டிகிரி எனக்குப் பெரிதில்லை. கையேட்டில் இருந்த தடித்த எழுத்து வாசகம் தவறானது என்றே சொல்வேன். சூட்டை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்ட வாசகம் அது.

மருந்து ஊற்றும்போதும் இதே விதிதான். கவரைத் திறந்து, தண்ணீர் வேகமாக வரும் குழாய் வாய்க்கு முன்னால் மெதுவாக ஊற்றி, பம்பை ஓடவிட்டு, கலந்த பிறகே மூட வேண்டும். ஓரத்தைத் தூக்கி அடியில் ஊற்றிவிட்டு மூடினால் செறிவான குளோரின் ஒரே இடத்தில் நின்று குமிழிகளைப் பதம் பார்த்துவிடும். சூடான தண்ணீர் மேலேயும் குளிர்ந்தது அடியிலும் தங்கிவிடும் என்பதால் மூடியிருக்கும் நேரத்திலும் பம்ப் தினமும் ஓட வேண்டும்.

சுண்ணாம்புப் படிவு பற்றியும் சுருக்கமாக. ஆவியாதல் குறைந்தால் கடின நீரை ஊற்றி ஊற்றி நிரப்பும் வேலை குறையும், கால்சியம் சேருவதும் மெதுவாகும். இது லாபம். ஆனால் சூடான தண்ணீரில் கால்சியம் கார்பனேட் கரைந்து நிற்காமல் படியப் பார்க்கும். தண்ணீர் படியவைக்குமா, அரிக்குமா என்று பார்க்க பிஎச், வெப்பம், கால்சியம், ஆல்கலினிட்டி நான்கையும் சேர்த்துப் போடும் கணக்கை 1936-ல் அமெரிக்கப் பேராசிரியர் லாஞ்சலியர் வெளியிட்டார். குழாய் அரிப்பைத் தடுக்கப் போட்ட கணக்கு, இன்று குளத்துக்கும் அதுதான். பிஎச்சை ஏழரையை ஒட்டி வைத்திருந்தால் எங்கள் தண்ணீருக்கு இரண்டு பிரச்சினையும் வரவில்லை.

பொருளின் ஆயுளும் ரசாயனத்தில்தான் இருக்கிறது. உத்தரவாத அட்டையைப் படித்தால் ரசாயனத்தால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். எந்த அளவு குளோரின் சேதம் செய்யும் என்று போட்டிருக்காது. அளவுக்கு மேல் குளோரின் தொடர்ந்து பட்டால் குமிழியின் மெல்லிய தோல் வறண்டு நொறுங்கும், நீலத் துணுக்குகளாக உதிர்ந்து ஸ்கிம்மர் கூடையில் சேரும். நான் குளோரினை 3, 4-லேயே வைத்திருப்பதால் எங்கள் கவர் இன்னும் வளைந்து கொடுக்கிறது. ஒரு மூலையில் மட்டும் சில குமிழிகள் தட்டையாகியிருக்கின்றன. அது கவரைச் சுருட்டி வைக்கும் ரோலரில் வெயில் நேராக விழும் பக்கம். சுருட்டி வைத்த கவருக்குள் சூடு சிக்கிக்கொண்டு அடுக்குகளை வேகவைத்துவிடும். அதனால் சுருட்டியதும் மேலே வெள்ளைத் துணி போட்டு மூடுகிறோம். அந்த வெள்ளை உறையைக் கவரோடு சேர்த்தே தந்திருக்கலாம்.

தண்ணீரோடு தூக்கினால் கனம் அதிகம். ரோலர் இல்லாமல் ஒருத்தரால் முடியாது. இழுக்கும் முன் மேலே கிடக்கும் தூசியையும் சருகையும் கழுவித் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் அத்தனையும் குளத்தில் கொட்டி இருக்கிற குளோரினைத் தின்றுவிடும். குமிழிப் பக்கத்தில் வழுவழுப்பு ஏறும். மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். இது பாதுகாப்பு மூடி கிடையாது. குழந்தையின் எடையைத் தாங்காது, விழுந்தால் உடம்பைச் சுற்றிக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. பாதி சுருட்டிய நிலையில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. வேலியும் பூட்டும் கவருக்கு முன்னால் வாங்க வேண்டியவை.

யாருக்கு இது ஒத்துவரும் என்றால், தினமும் ஒருமுறையாவது திறந்து மூட ஆள் இருக்கும் வீட்டுக்கு. வாரக்கணக்கில் மூடிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள், அந்த நாட்களில் கவரை எடுத்துக் காயவைத்து உள்ளே வைத்துவிட்டு, குளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்வது நல்லது. நிறம் பற்றியும் கேட்கிறார்கள். நிறமில்லாத கவர் வெயிலை ஆழம்வரை விடுவதால் சூடு இன்னும் நன்றாக ஏறும், ஆனால் பாசிக்கும் அதே வெளிச்சம் கிடைக்கும். குளோரினை நாள் தவறாமல் அளப்பவர்கள் அதை எடுக்கலாம், மற்றவர்களுக்கு நீலம். எதை வாங்கினாலும் கூடவே சொட்டு எண்ணும் டெஸ்ட் கிட் ஒன்றை வாங்கிவிடுங்கள். நிறம் மாறும் காகிதப் பட்டைகள் பலவற்றில் கூட்டாகாத குளோரினையும் கூட்டு குளோரினையும் இந்த நுணுக்கத்தில் பிரித்துப் பார்க்க முடியாது, கவர் போட்ட குளத்தில் தினம் பார்க்க வேண்டியதே அந்த வித்தியாசத்தைத்தான்.